போர் நடக்கும் ஊரில் ஆஸ்பத்திரிக்கு கரண்ட் எப்படி வருது? ஏமனின் சோலார் கதையும், அதன் பின்னால் இருக்கும் பணக் கணக்கும்

நம்ம ஊரில் கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், வைஃபை கட் ஆகும், கொஞ்ச நேரம் புலம்புவோம். ஒரு போர் நடக்கும் நாட்டில் கரண்ட் போனால் நடப்பதே வேறு. தண்ணீர் மோட்டார் நிற்கும். கழிவுநீர் பம்ப் நிற்கும். தடுப்பூசி ஃப்ரிட்ஜ் சூடாகும். ஆக்ஸிஜன் இயந்திரம் நின்றால், அந்தப் படுக்கையில் இருப்பவருக்கு எத்தனை நிமிடம் மிச்சம் என்பதுதான் கேள்வி.

10 ஆண்டுகளுக்கு மேலாக இந்த நிலையோடு வாழும் நாடு ஏமன். ஆனால் இதே ஏமனில்தான் வீட்டுக் கூரைகளிலும், கிராமத்து மருத்துவ மையங்களிலும், கிணற்று மேடுகளிலும் சோலார் பேனல்கள் நிறைந்திருக்கின்றன. இதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்? அரசாங்கமே இரண்டாகப் பிரிந்து கிடக்கும் நாட்டில் அந்தக் காசு எப்படிப் போய்ச் சேருகிறது? பேட்டரி பழுதானால் யார் மாற்றுவது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏமனில் கரண்ட் எப்படிப் போனது?

போருக்கு முன்பும் ஏமன் மின் வசதியில் முன்னணியில் இருந்த நாடு இல்லை. அரபு நாடுகளிலேயே மின் வசதி மிகக் குறைவாக இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. தலைநகர் சனாவுக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது மாரிப் நகருக்கு அருகே உள்ள எரிவாயு மின் நிலையம். அங்கிருந்து நீண்ட தூர உயர் அழுத்தக் கம்பிகள் வழியாகத்தான் தலைநகருக்கு மின்சாரம் வந்தது.

2014 செப்டம்பரில் ஹூதி கிளர்ச்சியாளர்கள் சனாவைப் பிடித்தார்கள். 2015 மார்ச்சில் சவுதி அரேபியா தலைமையிலான கூட்டணி வான்வழித் தாக்குதலைத் தொடங்கியது. அந்த ஆண்டே மாரிப் கம்பித் தடம் சண்டையில் சேதமடைந்தது, மின் நிலையமும் நின்றது. தலைநகர் இருட்டானது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மின் நிலையம் ஒரு தரப்பின் கட்டுப்பாட்டில், நகரம் இன்னொரு தரப்பின் கையில், கம்பி செல்லும் பாதை போர்முனையில். ஒரு டவர் சாய்ந்தால் போதும், பல லட்சம் பேருக்கு கரண்ட் கிடையாது. சரி செய்யப் போகும் ஊழியருக்கு உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. மையமான மின்கட்டமைப்பு போரில் முதலில் விழுவதற்குக் காரணம் இதுதான்.

இது 2015-ஓடு முடிந்த கதையும் இல்லை. 2024 ஜூலையில் இஸ்ரேல் ஹொடைடா துறைமுகத்தைத் தாக்கியபோது எரிபொருள் கிடங்குகளும் ஒரு மின் நிலையமும் குறியாகின. அதே ஆண்டு டிசம்பரில் சனா அருகே உள்ள ஹஜீஸ் மின் நிலையம் தாக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா ராஸ் ஈசா எரிபொருள் துறைமுகத்தைத் தாக்கியது. தாக்கியவர்கள் ராணுவக் காரணம் சொன்னார்கள். ஆனால் எரிபொருளும் மின்சாரமும் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மூன்று தாக்குதல்களும் காட்டுகின்றன.

சரி, ஜெனரேட்டர் இருக்கே?

இருக்கிறது. ஆனால் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசல் கப்பலில் வர வேண்டும், துறைமுகம் திறந்திருக்க வேண்டும், லாரி பல சோதனைச் சாவடிகளைத் தாண்ட வேண்டும்.

2017 நவம்பரில் நடந்ததே இதற்கு உதாரணம். ரியாத் மீது ஏவுகணை வீசப்பட்டதும் சவுதி கூட்டணி ஏமனின் துறைமுகங்களை மூடியது. அடுத்த சில நாட்களிலேயே சாடா, தைஸ், ஹொடைடா ஆகிய மூன்று நகரங்களில் சுத்தமான குடிநீர் விநியோகம் நின்றுவிட்டது என்று சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் அறிவித்தது. தண்ணீர் இருந்தது. குழாய் இருந்தது. மோட்டாரை ஓட்ட எரிபொருள்தான் இல்லை.

அதே ஆண்டில்தான் ஏமனில் காலரா கோரத்தாண்டவம் ஆடியது. 2017 டிசம்பருக்குள் காலரா என்று சந்தேகிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 10 லட்சத்தை எட்டியது. காலராவுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். குடிநீர் பம்பும் கழிவுநீர் பம்பும் நின்றால் இரண்டு தண்ணீரும் கலக்கும். சம்பந்தம் அவ்வளவுதான்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். கிராமத்து மருத்துவ மையம் ஒன்றுக்கு விளக்கு, தடுப்பூசி ஃப்ரிட்ஜ், பிரசவ அறைக் கருவிகள், சின்ன மோட்டார் எல்லாம் சேர்த்து நாளுக்கு 20 யூனிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். சிறிய ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலுக்கு சுமார் 3 யூனிட் கொடுக்கும். அப்படின்னா நாளுக்கு 7 லிட்டர், ஆண்டுக்கு கிட்டத்தட்ட 2,500 லிட்டர். அதில் ஒவ்வொரு லிட்டரும் போர்முனையைத் தாண்டி வர வேண்டும். அதே 20 யூனிட்டை, நல்ல வெயில் அடிக்கும் ஊரில் 5 கிலோவாட் சோலார் கொடுத்துவிடும். சூரிய ஒளிக்கு சோதனைச் சாவடி கிடையாது.

யாரும் திட்டம் போடல, மக்களே ஆரம்பிச்சாங்க

ஏமனின் சோலார் புரட்சியைத் தொடங்கியது உலக வங்கியோ ஐ.நா.வோ இல்லை. 2015-க்குப் பிறகு வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் சொந்தக் காசில் பேனல் வாங்கினார்கள். ஒரு பேனல், ஒரு பேட்டரி, இரண்டு எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர், முடிந்தால் ஒரு டிவி. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான நகர வீடுகளுக்கு சோலார்தான் முக்கிய மின் ஆதாரம் என்ற நிலை வந்தது.

இதில் இரண்டு சிக்கல் இருந்தது. ஒன்று, காசு இருப்பவர் வாங்கினார், இல்லாதவர் இருட்டிலேயே இருந்தார். இரண்டு, சந்தையில் தரமில்லாத பேட்டரியும் போலி பேனலும் வந்து குவிந்தன. நகையை விற்று வாங்கியது ஒரு வருஷத்தில் படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

முக்கியமாக, வீட்டுக்கு விளக்கு எரிந்தால் மட்டும் ஊர் நடந்துவிடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குடிநீர்க் கிணறு எல்லாம் பொதுச் சொத்து. அதற்குத் தனிநபர் யாரும் காசு போட மாட்டார். சம்பளமே சரியாக வராத அரசு ஊழியர்கள் நடத்தும் மருத்துவ மையம் பல ஆயிரம் டாலர் போட்டு சோலார் வாங்கவும் முடியாது. வெளிநாட்டு நிதி தேவைப்பட்டது இந்த இடத்தில்தான்.

காசு எங்கிருந்து வருது?

2015-ல் போர் தீவிரமானதும் உலக வங்கி ஏமனுக்கான நிதியை நிறுத்தி வைத்தது. வழக்கமாக அது அரசாங்கத்திடம்தான் பணம் கொடுக்கும். இங்கே எது அரசாங்கம் என்பதே சண்டை. 2016-ல் அது வேறு வழியைப் பிடித்தது: பணம் ஏமன் அரசின் கஜானாவுக்குப் போகாமல் நேராக ஐ.நா. அமைப்புகளுக்குப் போகும், அவர்கள் களத்தில் செலவு செய்வார்கள்.

அந்த வழியில் வந்ததுதான் ஏமன் அவசர மின் வசதித் திட்டம். 2018-ல் உலக வங்கியின் ஐ.டி.ஏ. என்ற ஏழை நாடுகளுக்கான பிரிவு இதற்கு 5 கோடி டாலர் கொடுத்தது. 2022-ல் இரண்டாம் கட்டத்துக்கு 10 கோடி டாலர் ஒதுக்கியது. இது கடன் இல்லை, மானியம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. களத்தில் செயல்படுத்தும் பொறுப்பு யுனாப்ஸ் எனப்படும் ஐ.நா. திட்டச் சேவைகள் அலுவலகத்துக்கு.

இந்தத் திட்டத்தில் கவனிக்க வேண்டியது, இரண்டு விதமான பயனாளிகளுக்கு இரண்டு விதமான பண வழி வைத்ததுதான்.

வீடுகளுக்கு: உள்ளூர் நுண்கடன் நிறுவனங்கள் வழியாக. தரம் பார்த்துத் தேர்ந்தெடுத்த சோலார் செட், விலையில் ஒரு பகுதி மானியம், மீதியை வீட்டுக்காரர் தவணையில் கட்டுவார். முதல் கட்டத்தில் மட்டும் இந்த வழியில் 1 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு சோலார் போய்ச் சேர்ந்தது.

மருத்துவ மையம், பள்ளி, கிணறுகளுக்கு: முழு மானியம். யுனாப்ஸ் டெண்டர் விட்டு, உள்ளூர் நிறுவனங்களை வைத்துப் பொருத்திக் கொடுக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? வீட்டுக்காரர் ஏற்கனவே மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவர்த்திக்கும் போன் சார்ஜ் போடவும் காசு செலவழித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காசைத் தவணையாக மாற்றலாம். தவணை கட்டுபவர் பொருளைப் பத்திரமாகவும் பார்த்துக்கொள்வார். பிரசவத்துக்கு வரும் பெண்ணிடம் யூனிட் கணக்கில் காசு வாங்க முடியாது. வாங்கினால் அவர் அடுத்த முறை வரவே மாட்டார். அதனால் அங்கே யாராவது முழுசாகக் கொடுத்தால்தான் உண்டு.

நுண்கடன் வழிக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. மானியக் காசு உள்ளூர் கடன் நிறுவனத்தையும், உள்ளூர் வியாபாரியையும், பேனல் மாட்டும் எலக்ட்ரீஷியனையும் தொட்டுவிட்டுப் போகிறது. திட்டம் முடிந்த பிறகும் அந்த ஊரில் ரிப்பேர் பார்க்க ஆள் இருப்பார். இலவசமாக லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனால் அந்த ஆளே உருவாக மாட்டார்.

அப்ஸ் மாவட்டத்தின் 10 பெண்கள்

சின்ன அளவில் இது எப்படி நடக்கும் என்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம், ஹஜ்ஜா மாகாணத்தின் அப்ஸ் மாவட்டம். போர்முனைக்கு சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், 10 பெண்கள் சேர்ந்து ஒரு சோலார் மைக்ரோகிரிட்டை நடத்துகிறார்கள். பேனல்களில் வரும் மின்சாரத்தைக் கம்பி இழுத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் விற்கிறார்கள். தொடக்கத்தில் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் உதவியது. 2020-ல் இந்தப் பணிக்கு பிரிட்டனின் ஆஷ்டன் விருது கிடைத்தது.

ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் கணக்குப்படி, அங்கே டீசல் மின்சாரத்துக்கு மணிக்கு 42 அமெரிக்க சென்ட் ஆன செலவு, சோலாரில் 2 சென்ட் ஆனது. முதலில் ‘பொம்பளைங்களுக்கு எதுக்கு எலக்ட்ரீஷியன் வேலை’ என்று கேலி செய்த ஊரில், இப்போது அவர்கள்தான் கரண்ட் கொடுப்பவர்கள்.

இங்கே முக்கியம், அவர்கள் வாங்கும் கட்டணம். அந்தச் சின்னத் தொகையில்தான் பராமரிப்பு நடக்கிறது. வசூல் இருப்பதால் அது ஒரு தொழில். வசூல் இல்லாத இடத்தில் என்ன ஆகும்? இந்தக் கதையின் கஷ்டமான பகுதிக்கு வருவோம்.

பேட்டரி போச்சு, இப்போ யார் மாத்துறது?

சோலார் பேனல் 25 வருஷம் உழைக்கும். பேட்டரி அப்படி இல்லை. லெட் ஆசிட் பேட்டரி என்றால் வெயிலும் தூசியும் உள்ள ஊரில் 3, 4 வருஷம். லித்தியம் என்றால் 10 வருஷம் வரை போகலாம், ஆனால் விலை அதிகம். இன்வெர்ட்டரும் இடையில் பழுதாகும்.

நிதி தரும் திட்டங்களின் ஆயுள் எவ்வளவு? மனிதாபிமான உதவி பெரும்பாலும் 12 மாதக் கணக்கில் வரும். வளர்ச்சித் திட்டம் என்றால் 3, 4 வருஷம். சரியாகத் திட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பும் நேரத்தில்தான் முதல் செட் பேட்டரி சாகும். கணக்கு அங்கேதான் இடிக்கிறது.

புதுசாகப் பேனல் மாட்ட நிதி கேட்டால் கிடைக்கும். போட்டோ வரும், திறப்பு விழா நடக்கும், ‘இத்தனை ஆஸ்பத்திரிக்கு ஒளி கொடுத்தோம்’ என்று அறிக்கையில் எண்ணிக்கை போடலாம். ‘ஏற்கனவே மாட்டியதற்கு பேட்டரி மாற்ற வேண்டும்’ என்று கேட்டால் அந்தத் தலைப்பில் பட்ஜெட்டே இருக்காது.

ஏமனில் இதற்கு மேல் இன்னொரு இடி. பேட்டரி விலை டாலரில். உள்ளூர் வருமானம் ரியாலில். போருக்கு முன் ஒரு டாலருக்கு 215 ரியால் இருந்தது. 2025 ஜூலையில் ஏடன் சந்தையில் அது 2,500-ஐத் தாண்டியது. பேட்டரி மாற்றலாம் என்று ஒரு மருத்துவ மையம் மாதாமாதம் கொஞ்சம் ரியால் சேர்த்து வைத்திருந்தால், அந்தச் சேமிப்பு கரைந்தே போயிருக்கும்.

இதற்குத் தொழில்நுட்பத்தில் ஒரு பகுதித் தீர்வு உண்டு. தடுப்பூசிக்கு என்றே செய்யப்படும் சில சோலார் ஃப்ரிட்ஜ்களில் பேட்டரியே கிடையாது. பகலில் வெயிலில் வரும் மின்சாரம் உள்ளே ஐஸ் உறைய வைக்கும். இரவில் அந்த ஐஸ்தான் 2 முதல் 8 டிகிரிக்குள் தடுப்பூசியை வைத்திருக்கும். கிணற்று மோட்டாரையும் பகலில் மட்டும் ஓட்டித் தொட்டியை நிரப்பிவிட்டால் பேட்டரி வேண்டாம். ஆனால் நள்ளிரவுப் பிரசவத்துக்கும், ஆக்ஸிஜனுக்கும் பேட்டரி இல்லாமல் முடியாது.

தண்ணீர் கொடுத்த சோலாரே தண்ணீரைக் காலி பண்ணுதா?

சோலார் பம்ப் வந்ததும் ஏமன் விவசாயிகளுக்கு டீசல் செலவு மிச்சமானது. நல்ல விஷயம்தானே? அங்கேதான் ஒரு திருப்பம்.

டீசல் விலை ஒரு கடிவாளம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு மணி நேரமும் காசு கரைவதால் விவசாயி தேவைக்கு மட்டும் மோட்டார் ஓட்டினார். சோலாரில் சூரியன் உதித்து மறையும் வரை மோட்டார் ஓடினாலும் கூடுதல் செலவு இல்லை. நாட்டின் தண்ணீரில் சுமார் 90 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது, அதில் கணிசமான பகுதி காட் என்ற போதை இலைச் செடிக்கு. மேற்கு ஏமனில் நிலத்தடி நீர், 2002-ல் தொடங்கிய செயற்கைக்கோள் அளவீட்டில் மிகக் குறைந்த மட்டத்துக்குப் போய்விட்டது என்று, போரின் சுற்றுச்சூழல் பாதிப்புகளை ஆராயும் பிரிட்டிஷ் அமைப்பு ஒன்று 2021-ல் எச்சரித்தது. சோலார் பம்புகளின் பரவலை அது ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னது.

இதற்காக சோலாரே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஊர்க் குடிநீர்க் கிணற்றுக்கு சோலார் போடுவதும், தோட்டத்து ஆழ்குழாய்க்கு மானியம் கொடுப்பதும் ஒரே விஷயம் இல்லை. நிதி கொடுப்பவர்கள் ‘எத்தனை பம்ப் பொருத்தினோம்’ என்று மட்டும் எண்ணினால் இந்த வித்தியாசம் கணக்கில் வராது.

பெரிய சோலார் பார்க் போட்டால் பிரச்சனை தீராதா?

2024-ல் ஏடன் நகரில் 120 மெகாவாட் சோலார் மின் நிலையம் செயல்பாட்டுக்கு வந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் நிதி, கட்டியது அபுதாபியின் மஸ்தார் நிறுவனம். ஏமனுக்கு அது மிகப் பெரிய அளவு.

ஆனால் ஏடனின் தவிப்பு அதோடு முடியவில்லை. 2025 பிப்ரவரியில் எரிபொருள் தீர்ந்து நகரமே இருட்டானது. அந்தக் கோடையில் ஒரு நாளின் பெரும்பகுதி கரண்ட் இல்லாமல் போனதால் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பெரிய சோலார் பகலில் சுமையைக் குறைக்கும். சூரியன் மறைந்ததும் மறுபடியும் டீசல்தான். அதோடு, அந்த மின்சாரம் வீடுகளுக்குப் போக வேண்டிய கம்பி பழையது, கட்டணம் வசூல் பலவீனம்.

இன்னொரு விஷயமும் உண்டு. பெரிய நிலையம் என்றால் அதன் சாவி யாரோ ஒருவர் கையில் இருக்கும். ஒரு வெளிநாடு கொடுத்தால் அந்த நாட்டுக்கும் உள்ளூர் அரசியலுக்கும் உள்ள உறவைப் பொறுத்துத்தான் அதன் எதிர்காலம். கிராமத்து மருத்துவ மையத்தின் கூரையில் இருக்கும் 5 கிலோவாட்டுக்கு இந்த அரசியல் குறைவு. ஆஸ்பத்திரி, குடிநீர் என்று வரும்போது, பெரிய பார்க்கை மட்டும் நம்பாமல் கூரையிலும் ஒரு செட் இருப்பது பாதுகாப்பு.

உதவி செய்யப் போனவங்களுக்கே பாதுகாப்பு இருக்கா?

ஏமனுக்கு வரும் பணம் ஐ.நா. வழியாகத்தான் வருகிறது என்று பார்த்தோம். அந்த வழியே அடைபட்டால்? ஹூதிகள் தங்கள் பகுதியில் ஐ.நா. ஊழியர்களைப் பிடித்து வைத்ததால், 2025 பிப்ரவரியில் சாடா மாகாணத்தில் ஐ.நா. தன் பணிகளை நிறுத்தி வைத்தது. 2017-ல் குடிநீர் நின்ற மூன்று நகரங்களில் சாடாவும் ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேனல் யாருக்குப் போகிறது என்பதிலும் அதிகாரம் விளையாடும். எந்த ஊர் பட்டியலில் வரும், எந்த நிறுவனத்துக்கு டெண்டர், லாரி எந்தச் சாவடியில் எத்தனை நாள் நிற்கும் என்று ஒவ்வொரு படியிலும் துப்பாக்கி வைத்திருப்பவர் பங்கு கேட்கலாம். அதனால்தான் மூன்றாம் தரப்பு ஆட்களை வைத்து, பொருத்திய இடத்தின் போட்டோ, இருப்பிடக் குறியீடு என்று சரிபார்க்கிறார்கள். இந்தக் கண்காணிப்புக்கும் காசு ஆகும். அந்தச் செலவை வெட்டினால் திருட்டுக்குக் கதவு திறந்த மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது? குடிநீர் நிலையம் போல, பொதுமக்கள் உயிர் வாழ அத்தியாவசியமானவற்றைத் தாக்கக் கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ம் ஆண்டு கூடுதல் நெறிமுறை சொல்கிறது. 2021 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலும் இதை வலியுறுத்தி 2573-ம் எண் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் இருக்கிறது. ஆனால் காஸாவில் என்ன நடந்தது? 2023 அக்டோபரில் இஸ்ரேல் மின்சாரத்தைத் துண்டித்தது, சில நாட்களில் ஒரே மின் நிலையமும் எரிபொருள் இல்லாமல் நின்றது. கூரை சோலார்தான் பலருக்கும் கடைசி நம்பிக்கை. குண்டுவீச்சில் கட்டிடத்தோடு சேர்ந்து அந்தப் பேனல்களும் பெருமளவு நொறுங்கின. சோலார் எரிபொருள் முற்றுகையிலிருந்து காப்பாற்றும். குண்டிலிருந்து காப்பாற்றாது.

தனியார் பணம் வருமா?

போர் நடக்கும் இடத்தில் எந்த முதலீட்டாளர் காசு போடுவார் என்று தோன்றும். சில முயற்சிகள் நடந்திருக்கின்றன.

தெற்கு சூடானின் மலாக்காலில், ஐ.நா. இடம்பெயர்வு அமைப்பின் மையத்துக்கு 700 கிலோவாட் சோலார் 2020-ல் வந்தது. அந்த அமைப்பு அதை விலைக்கு வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தது. டீசலுக்குக் கொடுத்த காசை வாடகையாகக் கொடுக்கலாம். சாதனம் பழுதானால் பார்ப்பது நிறுவனத்தின் வேலை. ‘பேட்டரி யார் மாத்துறது’ என்ற கேள்விக்கு இது ஒரு நேரடிப் பதில்.

காங்கோவின் கிழக்கு எல்லையில் உள்ள கோமா நகரில், நூரு என்ற உள்ளூர் நிறுவனம் 2020-ல் 1.3 மெகாவாட் சோலார் மினிகிரிட் தொடங்கியது. அதிலிருந்து வந்ததுதான் ‘பி-ரெக்’ எனப்படும் அமைதிக்கான பசுமை மின் சான்றிதழ். அங்கே உற்பத்தியாகும் ஒவ்வொரு 1,000 யூனிட்டுக்கும் ஒரு சான்றிதழ். வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பசுமைக் கணக்குக்காக அதை வாங்கும். முதலில் வாங்கியது மைக்ரோசாஃப்ட். அந்தக் காசில் நகரின் ந்தோஷோ பகுதியில் தெருவிளக்குகள் போடப்பட்டன.

நல்ல யோசனைதான். ஆனால் 2025 ஜனவரியில் எம்23 கிளர்ச்சியாளர்கள் கோமாவையே பிடித்துவிட்டார்கள். சண்டையில் நகரின் மின்சாரமும் தண்ணீரும் துண்டிக்கப்பட்டன. போர் ஆபத்துக்குக் காப்பீடும், நஷ்டத்தை ஏற்கும் பொது நிதியும் இல்லாமல் தனியார் பணம் இந்த ஊர்களுக்குப் பெரிய அளவில் வராது. உலக வங்கிக் குழுமத்தில் போர் ஆபத்துக் காப்பீட்டுக்கு மிகா என்ற தனி அமைப்பே இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட காப்பீடு பெரிய திட்டங்களுக்குத்தான் தோதுப்படும். 5 கிலோவாட் மருத்துவ மையத்துக்கு யார் பாலிசி எழுதுவார்?

கவனம் இருக்கும் இடத்துக்கே காசா?

2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. ஏழை நாடுகளிலும் கீழ்நிலை நடுத்தர வருமான நாடுகளிலும், நம்பகமான மின்சாரம் இல்லாத அல்லது மின்சாரமே இல்லாத மருத்துவ மையங்களை நம்பி கிட்டத்தட்ட 100 கோடி பேர் இருக்கிறார்கள். அவற்றைக் குறைந்தபட்ச நிலைக்குக் கொண்டுவர 490 கோடி டாலர் தேவை.

உக்ரைனில் 2022 அக்டோபரிலிருந்து மின்கட்டமைப்பு மீது ரஷ்யா தொடர்ந்து தாக்குதல் நடத்தியபோது, ஐரோப்பாவின் எரிசக்தி சமூகம் நடத்தும் உதவி நிதியில் மட்டும் 100 கோடி யூரோவுக்கு மேல் சேர்ந்தது. டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், சோலார் எல்லாவற்றுக்குமான தொகை அது, அங்கே தேவையும் நிஜம். ஏமனின் சோலார் திட்டத்துக்கு உலக வங்கி இரண்டு கட்டமாகக் கொடுத்தது 15 கோடி டாலர். இரண்டும் ஒரே மாதிரி நிதி இல்லை என்றாலும், உலகத்தின் கண் எங்கே இருக்கிறதோ அங்கே பர்ஸ் வேகமாகத் திறக்கிறது என்பது தெரிகிறது.

இப்போது பர்ஸ் இன்னும் சுருங்குகிறது. 2025-ல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைப் பெருமளவு வெட்டியது. ஏமனுக்காக ஐ.நா. அந்த ஆண்டு கேட்ட தொகையில் பாதிகூட வந்து சேரவில்லை. சாப்பாட்டுக்கே காசு இல்லாதபோது பேட்டரிக்கு யார் கொடுப்பார் என்ற வாதம் வரும். ஆனால் டீசலுக்குப் போகும் காசு மாதாமாதம் எரிந்துபோகும் காசு. உதவி குறையும் காலத்தில்தான் அந்தச் செலவைக் குறைக்கும் சோலாருக்குத் தேவை அதிகம்.

இனிமேல் எதைக் கவனிக்கணும்?

அடுத்த முறை ‘போர்ப் பகுதியில் இத்தனை ஆஸ்பத்திரிகளுக்கு சோலார்’ என்ற செய்தி வந்தால், எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். நான்கு கேள்வி கேளுங்கள்.

1. ஐந்தாவது வருஷம் பேட்டரிக்கான பணம் இப்போதே ஒதுக்கப்பட்டிருக்கிறதா? அதுவும் டாலரில்?

2. ரிப்பேர் பார்க்கும் ஆள் அந்த ஊரிலேயே இருக்கிறாரா, அல்லது தலைநகரிலிருந்து வர வேண்டுமா?

3. பம்ப் என்றால் அது குடிநீருக்கா, தோட்டத்துக்கா? கிணற்று நீர்மட்டத்தை யாராவது அளக்கிறார்களா?

4. இரண்டு வருஷம் கழித்து அது ஓடுகிறதா என்று யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

இந்த நான்குக்கும் பதில் இருந்தால் அது உண்மையான திட்டம். இல்லாவிட்டால், சில வருஷத்தில் அந்தக் கூரையில் பேனல் பளபளப்பாக இருக்கும், கீழே பிரசவ அறையில் செவிலியர் செல்போன் டார்ச் அடித்துக்கொண்டிருப்பார்.